காத்திருப்பது யார்?

கோயம்புத்தூர் நிலையத்தை அடைய ஐந்தே நிமிடம் இருக்கும். வண்டி வேகம் குறைந்து, தயங்கி, வெட்டவெளியில் நின்றுவிடும். கொங்கு நாட்டுப் பயணிகளுக்கு இது புதிதன்று. பெட்டி படுக்கைகளை இறக்கி வாசலருகே வைத்தவர்கள் வைத்தபடியே நிற்பர். தலையை வெளியே நீட்டிப் பார்த்த ஒருவர், "பிளாட்பாரம் காலியில்லை" என்று தீர்ப்புக் கூறுவார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும். மழையையும் வெயிலையும் ஏற்றுக்கொள்வது போல இதையும் நாம் ஏற்றுக்கொண்டு விடுகிறோம்.

ஆனால் மழையைப் போல இது வானத்திலிருந்து இறங்குவதன்று. நம் வண்டி வெளியே நிற்க வேண்டும், வேறொரு வண்டி உள்ளே செல்ல வேண்டும் என்று யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில் அமர்ந்து, சில நொடிகளுக்கு முன் தீர்மானித்திருக்கிறார். அவர் தீயவர் அல்லர்; நம்மை அவருக்குத் தெரியவும் தெரியாது. இருக்கும் இடம் ஒரே வேளையில் எல்லோருக்கும் போதாதபோது யாருக்கு முதலில் வழி விடுவது, யாரை நிறுத்தி வைப்பது, எந்த நியாயத்தின் பேரில் என்ற வினாவுக்கு அவர் நாள்தோறும் நூறு முறை விடை கூறிக்கொண்டிருக்கிறார். அறநூல்கள் ஏடு ஏடாக ஆராய்ந்த அதே வினாதான் இது. நம் ஊரில் அது தண்டவாளத்தின்மேல் நிற்கிறது.

நிலையத்தின் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டு மேலே செல்வோம். கோவையில் ஆறு பிளாட்பாரங்கள் உள்ளன. ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் என்றால் மணிக்கு முப்பத்தாறு வண்டிகளை அனுப்பலாமே என்று கணக்குத் தெரிந்த சிறுவன் கேட்பான். கணக்குச் சரி, உலகம் அப்படி இல்லை. பிளாட்பாரத்தில் நிற்கும் நேரம் மட்டுமே ஒரு வண்டி எடுத்துக்கொள்ளும் இடமாகாது. அது வருவதற்குச் சிக்னல் கொடுத்த கணத்திலேயே அதன் பாதை பூட்டப்பட்டு விடுகிறது. அந்தப் பாதையைக் குறுக்கிடும் மற்றப் பாதைகள் அனைத்தும் உடன் பூட்டிக்கொள்கின்றன. விபத்தைத் தவிர்க்க அவ்வாறு அமைத்திருக்கிறார்கள்; அது நல்ல ஏற்பாடே. கடைசிப் பெட்டி கடந்து முடியும்வரை அந்தப் பூட்டுத் திறவாது. ஆகவே இரண்டு பிளாட்பாரங்கள் வெறுமையாகக் கிடந்தாலும் அவற்றை அடையும் வழி வேறொரு வண்டியின் கையில் இருக்கக்கூடும். வெளியே நின்று எட்டிப் பார்ப்பவருக்குக் காலியான பிளாட்பாரம் தெரியும். பூட்டப்பட்ட வழி தெரியாது. நிலைய அதிபர்மேல் நாம் சொரியும் வசைகளில் பாதி இந்த அறியாமையால் வருவது.

இதனுடன் கோவைக்கென்று ஒரு சுமையும் உண்டு. இங்கே கடந்து செல்லும் வண்டிகளும் உண்டு. இங்கேயே முடிந்து, இங்கிருந்தே புறப்படுபவையும் உண்டு. கடந்து செல்வது சில நிமிடங்களில் போய்விடும். முடிவது அப்படியன்று. அதைக் காலி செய்து, இழுத்துச் சென்று, கழுவி, தண்ணீர் நிரப்பி, மீண்டும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பாதை பூட்டப்படும். நகரம் பெருகப் பெருக இங்கிருந்தே புறப்படும் வண்டி வேண்டும் என்று கேட்டோம். 1977இல் கோவை எக்ஸ்பிரஸ் வந்தபோது மகிழ்ந்தோம். 2023 ஏப்ரலில் சென்னை வந்தே பாரத் வந்தபோதும் மகிழ்ந்தோம். பெற்ற ஒவ்வொன்றும் அந்த ஆறு பிளாட்பாரங்களில் ஒன்றைச் சிறிது நேரம் கேட்டு நிற்கிறது என்பதை மகிழ்ச்சியில் யாரும் எண்ணுவதில்லை.

சிக்கலின் வேர் இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்கு மதறாஸ் ரயில்வே கம்பெனி தண்டவாளம் இட்டு முடித்தது 1862இல். அந்தப் பாதை கோவை நகரத்துக்குள் வரவில்லை. தெற்கே போத்தனூர் வழியாகப் போயிற்று. கடலையும் தலைநகரையும் இணைக்க விரும்பியவர்களுக்குக் கோவை அன்று ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை 1873இல் அமைந்தபோதுதான் நகரத்துக்கு ரயில் வந்தது. பின்னர் நகரம் வளர்ந்தது, ஆலைகள் எழுந்தன, போத்தனூர் புறநகராயிற்று. ஆயினும் நேர் வழி போத்தனூருக்கே உரியது. கோவைக்கு வர வேண்டிய வண்டி இருகூரில் பிரிந்து, சிங்காநல்லூர், பீளமேடு, வடகோவை என்று சுற்றி வர வேண்டும். கேரளம் செல்லும் பல வண்டிகள் நெடுங்காலம் கோவையைத் தொடாமலே போனதும், அதற்காக இவ்வூரார் எத்தனையோ மனுக்கள் எழுதியதும் இதனாலேயே. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் காலமறிந்து செய்த ஒரு முடிவுக்கு இன்று பீளமேட்டருகே நிற்கும் பயணி விலை கொடுக்கிறார். முன்னோர் செய்த முடிவுகளின் கடன் பின்னோர்மேல் எப்படி இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

இனி முதன்மை வரிசையைக் காண்போம். எந்த வண்டிக்கு எது வழிவிட வேண்டும் என்பதற்கு ரயில்வேயில் எழுதப்பட்ட ஒழுங்கு ஒன்று இருக்கிறது. விபத்து நடந்த இடத்துக்கு மருத்துவ உதவி ஏற்றிச் செல்லும் வண்டி தலையிடத்தில் நிற்கிறது. மற்றெல்லா வண்டிகளும் அதற்கு ஒதுங்க வேண்டும். உயிர் போய்க்கொண்டிருக்கும் இடத்தில் பதவியும் பணமும் பின்னே நிற்க வேண்டும் என்று ஓர் அரசுத் துறையின் விதிநூல் சொல்வதில் நமக்கு மகிழ்ச்சியே. அதன் கீழே விரைவு வண்டிகள், பிறகு பாசஞ்சர் வண்டிகள், பெரும்பாலும் எல்லோருக்கும் கீழே சரக்கு வண்டிகள் என்று வரிசை இறங்கும்.

விரைவு வண்டிக்கு முதலிடம் ஏன்? அதற்குக் காரணம் உண்டு. அலட்சியமாக ஒதுக்க முடியாத காரணம். மங்களூரிலிருந்து சென்னை செல்லும் வண்டி கோவையில் பத்து நிமிடம் தாமதித்தால் அத்தாமதம் திருப்பூர், ஈரோடு, சேலம் என்று தொற்றிக்கொண்டே போகும். அங்கெல்லாம் வேறு வண்டிகள் அதற்காக நிற்கும். ஒருவர் இருமினால் ஊரே இருமுவது போல. ஆகவே பாசஞ்சர் வண்டியை நிறுத்திவைத்தால் மொத்தத் துன்பம் குறையும் என்பது அவர்கள் வாதம். உஸ்மானியப் பேரரசில் 1869 தொடங்கி 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பை நம் வாசகர் சிலர் அறிந்திருப்பர். பொதுத் தீங்கைத் தடுக்கத் தனித் தீங்கைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற கருத்து அதன் 26ஆம் விதியில் உள்ளது. ரயில்வேயின் வாதம் ஏறத்தாழ அதுவே.

ஆனால் அதற்கு முந்திய 25ஆம் விதியையும் பார்க்க வேண்டும். ஒரு தீங்கை அதற்கு நிகரான இன்னொரு தீங்கினால் நீக்கலாகாது என்பது அதன் கருத்து. இரண்டும் அடுத்தடுத்து நிற்பது நம் சிந்தனையைத் தூண்டுகிறது. தனித் தீங்கு எப்போது தனித் தீங்காக இருக்கிறது, எப்போது அது ஒரு கூட்டத்தாரின் தலைவிதியாகி விடுகிறது?

மேட்டுப்பாளையத்து வண்டியை எடுத்துக்கொள்வோம். காரமடையிலிருந்து கோவைக்கு வேலைக்கு வருபவர் அதில் வருகிறார்; கல்லூரி மாணவி வருகிறாள்; அரசு மருத்துவமனைக்குத் தாயாரை அழைத்துவரும் மகன் வருகிறான். அந்தப் பாதை ஒற்றைப் பாதை. அதே பெட்டித்தொடர்தான் நாள் முழுவதும் போய்ப் போய்த் திரும்புகிறது. காலையில் கால் மணி நேரம் அதை வெளியே நிறுத்தினால் அடுத்த பயணமும் பிந்தும். அதற்கு அடுத்ததும் பிந்தும். விரைவு வண்டியின் பயணி ஆண்டில் இரண்டு முறை பத்து நிமிடம் இழப்பார். இவர்களோ அதே பத்து நிமிடத்தை வாரந்தோறும், மாதந்தோறும் இழக்கிறார்கள். ஒரு நாளின் கணக்கை மட்டும் பார்த்தால் அன்றன்று எடுத்த முடிவு நியாயமாகவே இருக்கும். ஆண்டின் கணக்கைக் கூட்டினால் ஒரே தோள்மேல் எல்லாச் சுமையும் ஏறியிருக்கும். அநீதி இழைக்க யாரும் எண்ணவில்லை. ஆயினும் அநீதி நடந்துவிட்டது. நல்லெண்ணத்தால் மட்டும் நீதி விளைந்துவிடாது என்பதை இங்கேதான் காண்கிறோம்.

விரைவு வண்டியில் செல்பவர் கூடுதல் கட்டணம் செலுத்துகிறார், ஆகவே அவருக்கு முன்னுரிமை இருக்கட்டுமே என்று ஒரு சமாதானம் கூறப்படுவதுண்டு. கூடுதல் பணத்துக்கு மெத்தை தரலாம், குளிர்சாதனம் தரலாம், உணவு தரலாம். இவை ரயில்வேக்குச் சொந்தமானவை, விற்கலாம். காரமடைக்காரரின் கால் மணி நேரம் ரயில்வேக்குச் சொந்தமானதா? பிறர் உடைமையை விற்பவனுக்கு நம் வழக்கில் என்ன பெயர் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

அப்படியானால் எல்லா வண்டிகளையும் வந்த வரிசையில் விடலாமா? கூடாது. நிலையமே இறுகிப்போகும். ஒருவரும் காத்திராத நிலையம் உலகில் எங்கும் இல்லை. நாம் கேட்பது சிறிது. அடிக்கடி காத்திருப்பவர்களுடைய கணக்கை ஒருவர் எழுதிவைக்கட்டும். இந்த மாதம் எந்த வண்டி எத்தனை முறை வெளியே நின்றது என்று பார்க்கட்டும். எல்லை மீறியதற்கு அடுத்த முறை முதலிடம் கொடுக்கட்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் முகங்களைக் காண்பதில்லை. வண்டி எண்களையும் கோடுகளையுமே காண்கிறார். 2007இல் சேலம் கோட்டம் அமையும்வரை கோவையின் வண்டிகளைப் பாலக்காட்டிலிருந்து ஆண்டார்கள்; இப்போது சேலத்திலிருந்து ஆள்கிறார்கள். எங்கிருந்து ஆண்டாலும் கோட்டுக்குள் மனிதர் இருப்பது தானாகத் தெரிந்துவிடாது. தெரியும்படி எழுதினால்தான் தெரியும்.

போத்தனூரின் பெயரைச் சொல்லிவிட்டு 1921ஐ நினையாமல் கடந்துபோக நம்மால் முடியவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 19 அன்று, மலபார்க் கிளர்ச்சியில் கைதானவர் ஏறத்தாழ நூறு பேர், பெரும்பாலோர் மாப்பிள்ளைமார், திரூரில் காற்றுப் புகாத ஒரு சரக்குப் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டப்பட்டனர். வண்டி வழியில் நிலையங்களில் நின்றது, புறப்பட்டது, மீண்டும் நின்றது. பெட்டி திறக்கப்படவில்லை. போத்தனூரில் திறந்தபோது உள்ளே பிணக்குவியல். அன்றும் அதன் பின்னரும் மடிந்தவர் அறுபதுக்கு மேல். ஆட்சியின் கொடுமையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது; அது எழுதப்பட வேண்டியதே. நாம் இங்கே எண்ணுவது வழியிலிருந்த நிலையங்களை. ஒவ்வொன்றிலும் வண்டியை வரவேற்றவர் இருந்தார், கொடி காட்டியவர் இருந்தார், நேரம் குறித்தவர் இருந்தார். ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்தனர். வண்டி ஓடுவது எல்லோருடைய கடமையாகவும் இருந்தது. வண்டிக்குள் இருந்தவர்கள் யாருடைய கடமையாகவும் இருக்கவில்லை. இன்றைய நெரிசலையும் தாமதத்தையும் அந்தக் கொடுமையுடன் ஒப்பிடுவது நம் கருத்தன்று. ஒப்பிட்டால் இறந்தவர்களை அவமதித்தவர்களாவோம். ஆயினும் ஒழுங்காக இயங்கும் ஒரு துறைக்குள் மனிதன் எவ்வாறு காணாமற்போகிறான் என்பதை அறிய விரும்புவோர் போத்தனூர்வரை போனால் போதும்.

அடுத்து, பிளாட்பார எண்ணைப் பற்றி. வண்டி மூன்றாம் பிளாட்பாரத்துக்கு வரும் என்று ஒலிபெருக்கி அறிவிக்கிறது. நாம் அதை ஒரு செய்தியாகக் கேட்கிறோம். உண்மையில் அது ஒரு வாக்கு. அதை நம்பி ஒரு முதியவள் பேரனின் கையைப் பிடித்து, மூட்டையைத் தூக்கி, படியிறங்கி, சுரங்கப்பாதையைக் கடந்து, படியேறி, மூச்சு வாங்கி அமர்கிறாள். வண்டி வர நான்கு நிமிடம் இருக்கும்போது அதே குரல், அதே இனிமையுடன், அது ஐந்தாம் பிளாட்பாரத்துக்கு வரும் என்கிறது. இளைஞர் ஓடுகின்றனர், ஒற்றைப் பையுடன் வந்தவர் ஓடுகிறார். அவள் என்ன செய்வாள்?

புதுடெல்லி நிலையத்தில் 2010 மே 16 அன்று இவ்வாறு கடைசி நேரத்தில் பிளாட்பாரம் மாற்றப்பட்டு, எழுந்த நெரிசலில் இருவர் இறந்தனர். அதே நிலையத்தில் 2025 பிப்ரவரி 15 இரவு, கும்பமேளாவுக்குச் செல்லத் திரண்ட கூட்டத்தில் 18 பேர் மாண்டனர். பிரயாக்ராஜ் என்ற ஒரே ஊரின் பெயரைத் தாங்கிய இரு வண்டிகளைப் பற்றிய அறிவிப்பால் மக்கள் குழம்பி எதிரெதிரே பாய்ந்தனர் என்று செய்திகள் கூறின. ஒரு பயணியின் தலைச்சுமை படியில் விழுந்ததே தொடக்கம் என்று பின்னர் நாடாளுமன்றத்தில் விளக்கம் தரப்பட்டது. எதுவாயினும் ஆகட்டும். தலையில் சுமையுடன் ஏழைகள் நெருக்கியடித்து ஏறி இறங்கும் படி அது என்பதில் இரு தரப்பாருக்கும் வேறுபாடில்லை.

பிளாட்பாரத்தை மாற்றாமலே இருக்க முடியாது என்பர். உண்மை. எஞ்சின் பழுதாகும், முன்வண்டி நகராது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் மாற்றத்தின் சுமையை யார் ஏற்பது என்பது அப்போதும் நம் கையில் இருக்கிறது. பிளாட்பாரத்தை மாற்றினால் வண்டி பதினைந்து நிமிடம் தாமதித்தே புறப்படும் என்று ஒரு விதி செய்துவிட்டால் ஓட வேண்டிய தேவையே இராது. வண்டிக்கு முழங்கால் வலி இல்லை. இடுப்பில் குழந்தை இல்லை. திட்டம் தவறும்போது அதன் நட்டத்தை வலியவன் ஏற்க வேண்டும் என்பது கடைத்தெருவில் நாணயமான வணிகன் பின்பற்றும் முறை; அரசு நடத்தும் ரயிலிடம் அதைக் கேட்பது மிகையாகாது. நேரந்தவறாமை அட்டவணையில் ஒரு புள்ளி குறையும் என்ற அச்சம் இதற்குக் குறுக்கே நிற்கிறது. அட்டவணைகளிலோ இறுதி நிலையத்துக்குச் சற்று முன் சில நிமிடங்களைத் தாராளமாகச் சேர்த்துவைத்து, வழியெல்லாம் பிந்தி வந்த வண்டி கடைசியில் குறித்த நேரத்தில் வந்ததாகக் காட்டும் வழக்கம் இருக்கிறது! அந்தத் தாராளத்தில் சிறிதை முதியவளுக்கும் தரலாம்.

கூட்டத்தை ஒழுங்குசெய்வது பற்றி நம் குடும்பங்களுக்கு வேறொரு வழியிலும் தெரியும். ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவர்கள் மினாவைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2006 ஜனவரி 12 அன்று அங்கே ஜமராத் பாலத்தின் வாயிலில், கீழே கிடந்த பயண மூட்டைகளில் தடுக்கி விழுந்தவர்கள்மேல் கூட்டம் சாய, முந்நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். பழைய பாலத்தை இடித்து, பல அடுக்குகளாகப் புதிய பாலம் கட்டினர்; வருவோருக்கு ஒரு வழி, போவோருக்கு மறு வழி என்று பிரித்தனர்; ஒவ்வொரு குழுவுக்கும் நேரம் குறித்தனர். பாலத்தில் நெரிசல் தணிந்தது. ஆனால் 2015 செப்டம்பர் 24 அன்று, பாலத்துக்கு அப்பால் ஒரு தெருச்சந்தியில் இரு திரள்கள் எதிர்ப்பட்டு, பல நூறு பேர் மாண்டனர். ஓரிடத்து நெருக்கடியை நீக்கினால் அது அடுத்த சந்தியில் போய் நிற்கும். வழிநெடுகக் காவலிருக்க வேண்டும். கோவையில் ஏழாவது பிளாட்பாரம் கட்டினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

குறை முழுவதையும் ரயில்வேயின் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவவும் முடியாது. இறங்குபவருக்கு வழிவிடாமல் வாசலை அடைத்து ஏறுகிறவர்கள் நாமே. கைக்குட்டை எறிந்து இருக்கை பிடிப்பவர்களும் நாமே. ஒருவரை வழியனுப்ப ஒன்பது பேர் வருவது நம் சமுதாயத்தில் அன்பின் அளவுகோலாக இருந்து வந்திருக்கிறது. பம்பாயிலிருந்து ஹஜ் கப்பல் சென்ற நாட்களில், 1995இல் அந்தக் கப்பல் பயணம் நிற்கும்வரை, ஹாஜிகளை ரயிலேற்றத் தெருவே திரண்டு பிளாட்பாரத்துக்கு வந்துவிடும். அந்தக் காட்சியின் இனிமையை நாம் மறுக்கவில்லை. அதே பிளாட்பாரத்தில், அந்த மாலைகளுக்கும் முஸாபஹாக்களுக்கும் நடுவே, தம் பெட்டியைத் தேடி அலைந்த அயலூர்ப் பயணிக்கும் அந்த இடத்தில் உரிமை இருந்தது என்பதை மட்டும் சொல்கிறோம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கற்றவர்கள் நாம். பாதையில் நாமே இடையூறாக நிற்கலாகாது.

திருப்பூர் நிலையத்தில் இந்த வினா இன்னும் கூர்மையடைகிறது. அங்கே இரண்டே பிளாட்பாரங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் தொழிலுக்கு வந்தவர்கள் பண்டிகைக்கு ஊர் திரும்பும் நாட்களில் அங்கே நிற்க இடமிராது. வண்டி நிற்பதோ ஓரிரு நிமிடங்கள். முன்பதிவில்லாப் பெட்டிகள் வண்டியின் இரு கோடியிலும் இருக்கும். எந்த இடத்தில் எந்தப் பெட்டி நிற்கும் என்ற அறிவிப்புத் தவறினால் முன்பதிவு செய்தவர் எந்தப் பெட்டியிலாவது ஏறிக்கொண்டு உள்ளே நடந்து போய்விடுவார். முன்பதிவில்லாதவர் தம் பெட்டியிருக்கும் கோடிவரை ஓடியே ஆக வேண்டும். அறிவிப்பும் அவருக்குத் தெரிந்த மொழியில் பலமுறை வருவதில்லை. நம் பிள்ளைகள் வளைகுடா நாடுகளின் விமான நிலையங்களில் புரியாத மொழியின் நடுவே கையில் காகிதத்துடன் நின்றதை நினைத்துப் பார்த்தால், திருப்பூரில் ஓடும் அந்த இளைஞனின் முகம் நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

கோவையின் நெருக்கடியைக் குறைக்கப் போத்தனூரை இரண்டாம் முனையமாக வளர்க்க வேண்டும் என்று நெடுநாளாகப் பேசப்படுகிறது. நல்ல யோசனையே, நாமும் ஆதரிக்கிறோம். 1862இல் போத்தனூருக்குக் கொடுத்த இடத்தை மீண்டும் அதற்கே கொடுப்பதாகவும் அமையும். ஆனால் எந்த வண்டிகள் அங்கே போகும்? நகரத்தின் நடுவே நிற்கும் உரிமை விலை உயர்ந்த வண்டிகளுக்கும், புறநகர்வரை செல்லும் கடமை மற்றவற்றுக்கும் என்று பிரிக்கப்பட்டால், வெளியே நிற்கும் சுமை ஆறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இராது. இரவு பதினொரு மணிக்குப் போத்தனூரில் இறங்கும் குடும்பம் உக்கடத்துக்கோ காந்திபுரத்துக்கோ வர ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம், வந்த ரயில் கட்டணத்தைவிடக் கூடுதலாக இருக்கும். எந்த வண்டி எங்கே நிற்கும் என்று அட்டவணை அச்சிடும்போது, அங்கிருந்து நகருக்குள் எந்தப் பேருந்து, இரவு எத்தனை மணிவரை ஓடும் என்பதையும் அதே பக்கத்தில் அச்சிட்டு விட வேண்டும்.